கீழ் வரிசையில் ஒரு பில்லை

அண்ணனின் சாவுக்காக எழுப்பிக்கொண்டிருந்த கம்பளிக் கூடாரத்தின் உச்சி வளையத்தைக் கீழே போட்டவன் நான்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் ஐந்து மாடிக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் முற்றத்தில், உறைபனிமேல், கூடாரத்தின் நட்டநடுவில் நின்று நீளக் கழியால் வளையத்தைத் தூக்கிப் பிடித்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூரைக் கம்புகளை ஒவ்வொன்றாக அதில் செருகிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து முதல் துக்கக் கூட்டம், "ஐயோ எங்க மேஸ்திரியே, எங்க மலையே" என்று கதறிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தது. இறந்தவரின் தம்பி இடுப்பில் துணி கட்டி, கூடாரத்துக்கு வெளியே கம்பை ஊன்றி நின்று, வருகிறவர்களுக்கு எதிர்க்குரல் கொடுத்து அழ வேண்டும். இந்த முறையெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். எனவே கையில் இருந்ததோடு வெளியே பாய்ந்தேன். அதை ஊன்றினேன். "என் அண்ணனே!" என்று ஆரம்பித்தேன்.

அழுவதற்கான கம்பு சுவரோரம் சாய்ந்திருந்தது. என் கையில் இருந்தது வளையத்தைத் தாங்கிய கழி.

பின்னால் கூரைக் கம்புகள் மளமளவென்று சரிந்தன. வளையம் பக்கத்து வீட்டு ஒஸ்மோனின் புது ரோமத் தொப்பிமேல் விழுந்து, தொப்பி அவர் மூக்குவரை இறங்கியது. தொப்பி மட்டும் மெல்லியதாக இருந்திருந்தால் அன்றைக்கு இரண்டு பேரை அடக்கம் செய்திருப்போம்.

அழுதுகொண்டு வந்த கூட்டம் நின்றது. பதினாறு பேர். எல்லாரும் என் அண்ணன் தெமிர்குல்லின் கீழ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். நானும் அதே குழுதான். கண்ணீர் மீசையில் உறைந்திருக்க, ரினாத் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"டேய் எர்கெஷ், மேஸ்திரி உயிரோட இருந்தா உன்னை இப்பவே வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்."

"சுரங்கத்தை மூடி நம்ம எல்லாரையும் ஏற்கெனவே தூக்கிப் பதினாலு வருஷமாச்சுடா."

"அப்ப மறுபடி சேர்த்து, மறுபடி தூக்கியிருப்பார்."

மாமசாலி அண்ணன் முன்னால் வந்தார். அறுபத்தொரு வயது, கதவளவு உடம்பு. கையுறையைக் கழற்றிப் பையில் செருகிக்கொண்டு, என் கையிலிருந்து கழியை வாங்கினார். மற்றவர்கள் சொல்லாமலே சுற்றி நின்றுகொண்டார்கள். இருபதே நிமிடத்தில் கூடாரம் நின்றது. அண்ணனை உள்ளே கொண்டுவந்து கிடத்தினார்கள். அண்ணி அனிபா சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினாள். நான் சரியான கம்பைத் தேடி எடுத்து வெளியே நின்றேன்.

அண்ணன் இறந்தது என் வீட்டுப் படிக்கட்டில். இதை நான் அதுவரை யாரிடமும் உரக்கச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பது வேறு விஷயம்.

அவர் வீடு தரைத்தளத்தில். என் வீடு எதிர்க் கட்டடத்தில், ஐந்தாவது மாடி. ஆறு வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு அண்ணன் என் கதவைத் தட்டுவார். ஒருநாள் உப்பு வேண்டும். ஒருநாள் குறடு வேண்டும். ஒருநாள் அவருடைய கண்ணாடி என் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருக்கும். தேநீர் குடிப்பார், தேநீரைக் குறை சொல்வார், போய்விடுவார். பாவம், அண்ணனுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். சந்தையில் நின்று அவரைப் போலவே மூச்சு வாங்கி, அவரைப் போலவே உப்புக் கேட்டு நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த அளவுக்குப் புத்திசாலி நான்.

முந்தின நாள் காலையும் வந்தார். குடித்தார். குறை சொன்னார். இறங்கும்போது நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இரவெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. நெஞ்சு பலவீனமான அறுபத்துமூன்று வயது மனிதர் எதற்காக அந்தப் படிகளை ஏறினார்? எனக்காகவா? அப்படியானால் அவரைக் கொன்றது யார்?

என் மனைவி ஊல்கானிடம் கேட்டேன். "அழற வீட்டுல கேள்வி கேக்காதீங்க. போய் மாவு பிசையத் தண்ணி கொண்டாங்க" என்றாள்.

எட்டரை மணிக்கு மயானத்திலிருந்து ஆள் வந்தான். மண் ஒரு மீட்டருக்கு மேல் உறைந்து கிடக்கிறது, தோண்டும் இயந்திரம் குளிரில் கிளம்ப மறுக்கிறது. இமாம் தாடியைத் தடவிக்கொண்டார். பகல் தொழுகை முடிந்ததும் எடுப்பதாகச் சொல்லியிருந்தது. நாளைக்குத் தள்ளிவைக்கலாமா என்றார்.

"நாளைக்கா?" என்றார் மாமசாலி அண்ணன். "மேஸ்திரி ஒருநாள் வேலைக்கு லேட்டா வந்து பாத்திருக்கீங்களா, ஹஸ்ரத்?"

"மண்ணு கல்லா இருக்குப்பா. உங்க வயசுக்கு..."

"எங்க பதினாறு பேர் வயசையும் கூட்டினா ஆயிரம் வரும்" என்றான் ரினாத். "அந்த மண்ணு எங்களுக்கு மரியாதை குடுக்கட்டும்."

பிக்காசும் கடப்பாரையும் அண்ணனின் நிலவறையில் இருந்தன. சாவி என் பையில்.

"நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"நீ வேணாம்" என்று மூன்று பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள். ரினாத் கையை நீட்டினான். "சாவியைக் குடு. நீ கம்பைப் பிடிச்சுக்கிட்டு அழு. அந்த ஒரு வேலையாவது ஒழுங்காப் பண்ணு."

எங்கள் குழுவில் யாரும் மற்றவனின் வேலையைத் தானாகக் கேட்டு வாங்கியதில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. சாவியைக் கொடுக்காமல் நானே இறங்கினேன்.

உருளைக்கிழங்கு மூட்டை, ஊறுகாய்ப் பீப்பாய், சாய்ந்து நிற்கும் பிக்காசுகள். அவற்றுக்குப் பின்னால் சுவரில் அந்தப் பலகை. பார்த்ததும் தெரிந்துகொண்டேன். சுரங்க வாசலில் மாட்டியிருந்த அதே பலகை. மூடிய அன்று அண்ணன் எப்படியோ கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் இறங்கும்போது எண் போட்ட எங்கள் பித்தளைப் பில்லையைக் கீழ் வரிசை ஆணியில் மாட்டுவோம். ஏறி வந்ததும் மேல் வரிசைக்கு மாற்றுவோம். வேலைமுறை முடிந்து கீழ் வரிசையில் ஒரு பில்லை இருந்தாலும் அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டார். யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மேல் வரிசை முழுக்கப் பில்லைகள், தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று. கீழ் வரிசையில் இரண்டு ஆணிகளில் கறுப்பு நூல் மட்டும் கட்டியிருந்தது. ஒருவன் சாராயத்தில் போனான், இன்னொருவன் எப்படிப் போனான் என்று அவன் வீட்டில் இன்றும் பேசுவதில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பில்லை. எண் நூற்றுப் பதினெட்டு.

என்னுடையது.

பின்னால் ரினாத் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"இது என்னடா?" என்றேன்.

"பழைய சாமான்."

"உன்னோடது மேல இருக்கு."

"ம்."

"யார் மாட்டினா?"

அவன் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தான். "நானேதான். சுரங்கம் மூடினப்புறம் நான் ஒரு வருஷம் எப்படிக் கிடந்தேன்னு உனக்குத் தெரியும்ல. தினம் வந்து கதவைத் தட்டுவார். ஒருநாள் எனக்கே வெளிய போகணும்னு தோணிச்சு. பஜார்ல தோல் செருப்பு தைக்க உக்காந்தேன். அன்னைக்கு இங்க கூட்டிட்டு வந்தார். 'உன் கையால மாத்து'ன்னார். மாத்தினேன். ஆளுக்கு ஒரு கிண்ணம் குடிச்சோம். எல்லாருக்கும் அப்படித்தான். மாமசாலிக்கு நாலு வருஷம் ஆச்சு."

"எனக்கு?"

"நீ அதிர்ஷ்டக்காரன்டா. கணக்குப்படி நீ ஒருத்தன்தான் இன்னும் வேலையில இருக்க."

"விளையாடாதே. நான் இன்னும் கீழதான் இருக்கேனா?"

ரினாத் நான்கு பிக்காசுகளைத் தோளில் போட்டுக்கொண்டான். "மணி ஒன்பதாகுது" என்றான்.

ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் நான் ஒருவன். உறைந்த படிகளில் கடப்பாரைகளைச் சுமந்துகொண்டு ஏறும்போது ஆறு வருஷத்துக்கு முந்தைய குளிர்காலம் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு ஐம்பத்தொன்று. எட்டு வருஷமாக வேலை தேடி, கடைசியாக ஒரு கிடங்குக்குக் காவல்காரன் வேலை கேட்டுப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவன் என் மகன் வயதுக்காரன். காவல் காக்க ஓடத் தெரிந்தவன் வேண்டும் என்றான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன் மூன்று மாதம் திரும்பவில்லை. ஊல்கான் என் பெல்ட்டுகளையும் துணிக்கொடிக் கயிற்றையும் எங்கேயோ ஒளித்துவைத்தாள். மூன்று மாதம் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போனேன். அதையும் பிற்பாடு வேடிக்கைக் கதையாக்கிச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உப்புக் கேட்க வர ஆரம்பித்தது அந்தக் குளிர்காலத்தில்தான் என்பது ஆறு வருஷம் கழித்து, கடப்பாரை தோளில் அழுத்தும்போதுதான் எனக்குக் கணக்குக் கூடியது.

சரி, மற்றவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். நான் எழுந்தேன், நடந்தேன், சிரிக்க வைத்தேன். ஊரில் பாதிப் பேரின் அடுப்பையும் குழாயையும் நான்தான் பழுதுபார்க்கிறேன். ஆனால் மேஸ்திரியின் கண்ணுக்கு நான் இன்னும் சுரங்கத்துக்குள். அந்தக் கண் தவறாது என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

மயானத்தில் முதல் அரைமணி நேரம் பிக்காசு மண்ணில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்தது. பொறி பறந்தது. பழைய கார் டயர்களை எரித்துக் கொஞ்சம் இளக்கினார்கள். பிறகு மாமசாலி அண்ணன் கோட்டைக் கழற்றினார். பதினைந்து பேரும் கழற்றினார்கள். மைனஸ் பதினெட்டில், சட்டையோடு, நாலு நாலு பேராக இறங்கினார்கள். ஒரு அணி களைக்கும் முன்பே அடுத்த அணி விளிம்பில் நின்றது. யாரும் மணி சொல்லவில்லை. பதினாலு வருஷமாக எந்த முதலாளிக்கும் வேண்டாத அந்தத் தோள்கள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின.

இரத்தபந்தம் குழி தோண்டக் கூடாது. நான் விளிம்பில் நின்றேன். பிறகு நிற்க முடியவில்லை.

"எங்கடா இறங்கற?" என்று கத்தினான் ரினாத். "நீ தம்பி!"

"நானும் குழுதானேடா!"

மாமசாலி அண்ணன் நகர்ந்து இடம் விட்டார். பத்து நிமிடம் வெட்டினேன். முதல் மூன்று வெட்டு என் பூட்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் விழுந்தது. நாலாவது வெட்டு மற்றவர்களின் தாளத்தோடு சேர்ந்தது. "அப்படிப் போடு" என்றார் மாமசாலி அண்ணன். பக்கத்தில் அவர் காது சிவந்திருந்தது.

"அண்ணே, நான் இன்னும் கீழதான் இருக்கேனா?"

"இப்பவா? மார்பளவுக்கு இருக்க" என்றார், குழியை அளந்துவிட்டு.

பதினொன்றேமுக்காலுக்குக் குழி தயார். பக்கவாட்டில் உடலை வைக்கும் அறையை அவர்கள் குடைந்திருந்த அழகைப் பார்க்க இமாமே விளிம்பில் மண்டியிட்டார். சுவர் கத்தியால் சீவியதுபோல நேர். வளைவு ஒரே சீர். தன் கைத்தடியால் அளந்தார். மறுபடி அளந்தார்.

"நாப்பது வருஷத்துல இப்படி ஒரு கபர் பாத்ததில்லை" என்றார்.

"ஹஸ்ரத், ஒரே குறை" என்றான் ரினாத். "மேஸ்திரி வந்து சரிபார்க்கணும்."

பதினேழு கிழவர்கள், முகத்தில் மண்ணும் புகைக்கரியும் அப்பி, ஊருக்குள் திரும்பி நடந்தோம். யாரோ நடையைச் சேர்த்தார்கள். மற்றவர்களின் காலும் சேர்ந்துகொண்டது. தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். முறை முடிந்து ஏறி வருகிற நாட்களில் ஊர் எங்களைப் பார்க்கும் பார்வை அது. முதுகு தானாக நிமிர்ந்தது. சாவுக்குக் குழி வெட்டி வருகிறவர்களுக்கு இவ்வளவு கம்பீரம் தகுமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிமிர்ந்தே நடந்தேன்.

ஒரு மணிக்கு அண்ணனைக் கூடாரத்திலிருந்து வெளியே கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். வரிசையாக நின்றோம். தொழுகை முடிந்ததும் இமாம் வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தெமிர்குல் எப்படிப்பட்ட மனிதர்?"

"நல்ல மனிதர்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் வழக்கம்.

"என்னை மேல கொண்டுவந்தவர்!"

மாமசாலி அண்ணனின் குரல். சுரங்கத்துக்குள் இரண்டு வளைவு தாண்டிக் கேட்கிற குரல். முற்றம் திடுக்கிட்டது.

"என்னையும்!" என்றான் ரினாத்.

"என்னையும்!" இரண்டாம் வரிசையில் ஒருவர்.

ஒவ்வொருவராக. வரிசை வரிசையாக. சிலர் கத்தினார்கள், சிலருக்குப் பாதியில் குரல் உடைந்தது. எங்கள் குழுவே இல்லாத ஒஸ்மோன்கூட, தலையில் வீக்கத்தோடு, "என் மகனையும்!" என்றார். அது எனக்குத் தெரியாது. ஐந்து மாடிச் சுவர்கள் ஒவ்வொரு குரலையும் வாங்கித் திருப்பிக் கொடுத்தன. ஜன்னல்கள் திறந்தன. அது அழுகையாக இல்லை. ஒரு சாவு வீட்டில் அப்படி ஒரு முழக்கத்தை நான் கேட்டதில்லை.

எல்லாரும் சொல்லி முடித்த பிறகு ஒரு இடைவெளி விழுந்தது. முன்வரிசையில் நின்ற தம்பிக்கான இடைவெளி. நான் வாயைத் திறந்தேன். வாழ்நாள் முழுக்க இந்த வாய் எனக்குத் துரோகம் செய்ததில்லை. அன்றைக்கு அதில் ஒன்றுமில்லை. கீழ் வரிசையில் தொங்குகிறவன் எப்படி அதைச் சொல்வான்?

தூக்கினோம். அடக்கம் செய்தோம். வழக்கப்படி மண்வாரியைக் கைக்குக் கை மாற்றாமல் தரையில் போட்டுப் போட்டு எடுத்து, ஆளுக்கு மூன்று வாரி மண் தள்ளினோம். நான் தள்ளியது என் பூட்ஸிலும் கொஞ்சம் விழுந்தது.

திரும்பி வந்தபோது முற்றத்துக் கொப்பரையில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. கைகழுவிவிட்டுக் கூடாரத்துக்குள் நுழைந்தேன். பெண்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அண்ணி கறுப்புத் தலைத்துணியோடு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். பாடிப் பாடிக் குரல் கட்டியிருந்தது.

"நல்லபடியா வச்சுட்டோம், அண்ணி."

"தெரியும். முற்றத்துல சொன்னதும் உள்ள கேட்டுச்சு." திரும்பாமலே சொன்னாள். "எல்லார் குரலும் கேட்டுச்சு. உன்னோடது மட்டும் கேக்கல."

நான் அவள் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார்ந்தேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாமா என்று ஒரு கணம் தேடினேன்.

"அண்ணி, காலையிலேருந்து எல்லாரையும் கேக்கறேன். ஆளாளுக்கு வளைச்சு வளைச்சுப் பேசறாங்க. நீங்க நேராச் சொல்லுங்க. அந்தப் படி ஏறினதாலதான் போனாரா?"

"ஆமா."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி நிறுத்திவிட்டாள்.

"டாக்டர் ஒரு மாடிகூட ஏறக் கூடாதுன்னார். ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிட்டார். எங்கிட்ட உப்பு ஒரு மூட்டை இருக்கு, தம்பி. இந்தக் கட்டடத்துக்கே பத்தும்."

"என் பில்லை கீழ இருக்கு."

"ஆமா, இருக்கு."

"அப்ப நான் இன்னும்..."

அண்ணி திரும்பினாள். துக்கம் முடியும்வரை சுவரைப் பார்க்க வேண்டியவள், முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் பார்வை, நான் முதல்முதலாக எங்கள் வீட்டில் அவளைப் பார்த்தபோது இருந்த அதே கேலிப் பார்வை.

"உன் பொண்டாட்டி உன் பெல்ட்டை எல்லாம் மறுபடி ஆணியில மாட்டினாளே, என்னைக்குன்னு ஞாபகம் இருக்கா? மூணு வருஷம் ஆச்சு. அன்னைக்கே ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதா. நான் உங்கண்ணன்கிட்டச் சொன்னேன், கூட்டிட்டுப் போய் பில்லையை மாத்தச் சொல்லுங்கன்னு. சொல்லாத மாசம் இல்லை. போன இலையுதிர் காலத்துலகூடச் சொன்னேன். அவர் கதவுகிட்ட ஸ்டூல்ல உக்காந்து, ஏழு மணிக்குக் கிளம்ப ரெடியாகிட்டிருந்தார். 'அவன் எப்பவோ மேல வந்துட்டான் அனிபா, எனக்குத் தெரியாதா?'ன்னார். 'அப்புறம் ஏன் மாத்தல?'ன்னு கேட்டேன். 'அதை மேல மாத்திட்டா நாளைக்குக் காலைல நான் எதுக்கு எழுந்திருக்கறது?'ன்னார்."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"நான் அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல. பூட்ஸை எடுத்துக் குடுத்தேன்."